கவுனுக்கும் ஒரு நாடா வேண்டும்

முதலில் காதில் விழுந்தது சத்தம்தான். படியிலிருந்து அரிசியை எவர்சில்வர் தட்டில் கொட்டினால் வருமே, அந்த மாதிரி. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாண மண்டபம், ரிசப்ஷன் ஆரம்பித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. மேடைப் படியில் கால் வைத்த மணப்பெண் அப்படியே நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் கவுனில் இடது இடுப்பிலிருந்து முழங்கால் வரை நான் மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வைத்த வெள்ளி நிற மணிகள் சரம் சரமாக உருவிக்கொண்டு டைல்ஸ் தரையில் ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் வந்த குட்டிப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பொறுக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒரே குஷி.

மணப்பெண் என் கணவரின் அண்ணன் மகள். "பரவாயில்ல சின்னம்மா, யாரும் பார்க்கல" என்றாள். முன்னூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் காஞ்சிபுரம் பக்கத்துக்காரி. கொக்கி முனை ஊசியால் போடும் ஆரி எம்ப்ராய்டரி வேலை கற்றுக்கொண்டு ஊரில் ஆறேழு வருஷம் கல்யாண ஜாக்கெட்டுகளுக்குப் போட்டுக்கொடுத்தேன். 2011-ல் கல்யாணமாகி டர்பன் வந்தேன். கணவர் வீட்டார் இந்த மண்ணில் ஐந்தாறு தலைமுறையாக இருப்பவர்கள். வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான்; ஆனால் காவடி, புரட்டாசி விரதம், கல்யாணத்துக்கு முந்தைய நாள் நலுங்கு, எதிலும் ஒரு குறை வைக்க மாட்டார்கள். நலுங்கை இவர்கள் 'நெலங்கு' என்பார்கள். முகூர்த்தத்துக்குப் பட்டுப்புடவை, ரிசப்ஷனுக்குக் கவுன் என்பது இங்கே பல வீடுகளில் எழுதப்படாத சட்டம். "சின்னம்மாதான் எம்ப்ராய்டரி போடுவாங்களே" என்று அந்தக் கவுன் என் மடியில் வந்து விழுந்தது. நானும் மறுக்கவில்லை. ஜாக்கெட்டில் போட்டதைக் கொஞ்சம் பெரிய துணியில் போடப்போகிறோம், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அங்கேதான் தப்பு. ஜாக்கெட் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் கால் கிலோ கல்லும் ஜர்தோசியும் வைத்தாலும் தோளும் மார்பும் கையும் பிரித்து எடுத்துக்கொள்ளும். கவுன் தொங்குகிறது. ஒவ்வொரு மணியும் நாள் முழுக்க துணியைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கவுனை மறுநாள் வீட்டுத் தராசில் வைத்தேன். கொட்டியது போக 4 கிலோ 100 கிராம். ஒரு காஞ்சிபுரம் பட்டு ஒரு கிலோ இருந்தாலே நாம் 'அடேயப்பா, என்ன கனம்' என்போம்.

மண்டபத்தில் என்னைக் காப்பாற்றியது பக்கத்து மேசையில் இருந்த ஓர் ஆன்ட்டி. இங்கே மூத்த பெண்கள் எல்லோருமே ஆன்ட்டிதான். டர்பனில் துணி ஆலைகள் ஓகோவென்று ஓடிய காலத்தில், நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் மெஷின் மிதித்த காலத்தில், முப்பது வருஷம் வேலை பார்த்தவர். தொண்ணூறுகளில் இறக்குமதித் துணி வந்து குவிந்து ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது வீட்டுக்கு வந்து, வீட்டிலேயே மெஷின் போட்டுக்கொண்டவர். கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்தார். மணப்பெண்ணை டிரெஸ்ஸிங் ரூமுக்குக் கூட்டிப்போய், உருவிய நூலின் நுனிகளைத் துணிக்குப் பின்னால் இழுத்து முடிச்சுப் போட்டார். மணி போன இடத்தில் ஆடையைச் சின்னதாக மடித்துக் கொசுவம் மாதிரி பிடித்துத் தைத்து, மேலே புடவை ப்ரூச் ஒன்றைக் குத்தினார். பத்து நிமிஷம். போகும்போது என்னைப் பார்த்து, "நாளைக்கு வீட்டுக்கு வா. இந்தக் கவுனையும் தூக்கிட்டு வா" என்றார்.

மறுநாள் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் கவுனைப் புரட்டிப் போட்டு, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல உள்பக்கம் முழுக்கப் பார்த்தார். ஆரி செயின் ஸ்டிச் எப்படிப்பட்டது என்று போடுகிற எனக்குத் தெரியாதா? தெரியும். கடைசிக் கண்ணி அவிழ்ந்தால் ஆரம்பம் வரை உருவிக்கொண்டு வரும். அரிசி மூட்டை வாயைத் தைத்திருக்கும் நூலைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று வருவதும் இதே தையல்தான். ஜாக்கெட்டில் ஒரு பூ முடிந்ததும் நூலை முடித்துவிடுவோம், அதனால் ஒன்று போனாலும் ஒரு பூவோடு போகும். கவுனில் வேகமாக வேலை முடிய வேண்டும் என்று இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரே ஓட்டமாக ஓட்டியிருந்தேன். அதுவும் பைப் பீட்ஸ் என்று நாங்கள் சொல்லும் குழாய் மணி. அந்தக் கண்ணாடிக் குழாயின் இரண்டு முனையும் வெட்டிய முனைகள், பிளேடு மாதிரி நூலை அறுக்கும். உட்கார்ந்து எழுந்ததில் எங்கோ ஒரு மணி ஒரு நூலை அறுத்தது. மீதியைக் கனம் பார்த்துக்கொண்டது.

இப்போதெல்லாம் குழாய் மணியைத் தனியாக வைப்பதே இல்லை. இந்தப் பக்கம் சுகர் பீட் என்கிற பொடி உருண்டை மணி ஒன்று, நடுவில் குழாய், அந்தப் பக்கம் ஒரு சுகர் பீட். நூல் வளைகிற இடத்தில் உருண்டை மணி இருந்தால் அறுபடாது. விரல் நீளத்துக்கு ஒரு முறை பின்பக்கம் லாக் போட்டு வெட்டிவிடுகிறேன். நேரம் ஒன்றரை மடங்கு ஆகும், ஆகட்டும். நூலும் பட்டு நூல் கிடையாது, பாலியஸ்டர்.

ஆனால் ஆன்ட்டி சொன்ன முக்கியமான விஷயம் நூலைப் பற்றியது இல்லை. கவுனின் தோள்பட்டையைத் தூக்கிப் பிடித்து, "இவ்வளவு கனத்தையும் இந்த ரெண்டு பட்டைதான் தூக்குதா? பாவம்டா" என்றார். பிறகு என் புடவைக் கொசுவத்தைத் தொட்டுக் காட்டினார். "இத யாரு தூக்குறா?"

பாவாடை நாடா. வேறு யார்? ஆறு கஜப் புடவையின் கனம் முழுவதையும் இடுப்பில் இறுக்கிய அந்த ஒரு நாடாதான் தாங்குகிறது. தோளில் கிடப்பது வெறும் முந்தானை. கவுனுக்கும் அப்படி ஒரு நாடா உள்ளே இருக்க வேண்டும். இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் விறைப்பான, இழுத்தால் நீளாத ரிப்பன் பட்டை. இடுப்பின் ஒல்லியான இடத்தின் அளவுக்குச் சரியாக வெட்டி, கவுனின் உள்பக்கத் தையல்களில் மட்டும் பிடித்துத் தைத்து, பின்னால் இரண்டு கொக்கி. கவுனைப் போட்டதும் முதலில் அந்தக் கொக்கி, அப்புறம்தான் ஜிப். கவுனின் பாவாடைப் பகுதியின் பாரம் அந்தப் பட்டையில் உட்கார்ந்துவிடும். தோள்பட்டை அறுக்காது, மார்புப் பகுதி கீழே இறங்கி நொடிக்கொரு தரம் மேலே இழுத்துவிட வேண்டியிருக்காது, ஜிப்பும் பிளந்துகொள்ளாது. வெளிநாட்டுப் பெரிய தையல் வீடுகளில் இது சர்வ சாதாரணம். நல்ல கவுனா மட்டமான கவுனா என்று பார்க்க நான் இப்போது முதலில் மணியைப் பார்ப்பதில்லை. உள்ளே கையை விட்டு இந்தப் பட்டை இருக்கிறதா என்று தடவுகிறேன். கடையில் விற்கிறவர்கள் என்னை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

பட்டை இல்லாத கவுன் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? கவலை வேண்டாம். எந்தத் தையல்காரரும் அரை மணி நேரத்தில் வைத்துக் கொடுப்பார். செலவும் பெரிதாக ஆகாது.

அடுத்தது கணக்கு. பெண்கள் போனில் படத்தோடு வருவார்கள். 2023-ல் நியூயார்க்கின் மெட் காலா ஃபேஷன் விழாவில் நடிகை ஆலியா பட் போட்டிருந்த, பிரபல் குருங் என்ற டிசைனரின் கவுன் வந்த புதிதில் மூன்று பேர் அதே படத்தைக் காட்டினார்கள். அதில் ஒரு லட்சம் முத்து. 1947-ல் எலிசபெத் இளவரசியின் கல்யாண கவுனுக்கு நார்மன் ஹார்ட்னெல் வைத்தது பத்தாயிரம் சிறு முத்து. அதைத் தைக்க 350 பெண்கள் ஏழு வாரம் உட்கார்ந்தார்கள். என் வீட்டில் நான் ஒருத்தி, ஒரு ஆரி ஃப்ரேம், ஒரு டேபிள் லைட். 2023-ல் லோட் ஷெடிங் என்று இங்கே சொல்லும் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது அந்த லைட்டும் இல்லை, தலையில் டார்ச் கட்டிக்கொண்டு மணி கோத்தேன். அதனால் யாரிடம் ஆர்டர் கொடுத்தாலும், எத்தனை கை வேலை செய்யப்போகிறது என்று கேளுங்கள். 'ரெண்டு வாரத்துல ரெடி' என்று ஒருவர் சொன்னால் ஒன்று பட்டறையில் பத்துப் பேர் இருக்க வேண்டும், இல்லை பசை போட்டு ஒட்டப்போகிறார்கள். ஒட்டிய கல் டர்பன் வெயிலில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தை மாதம் என்றால் ஊரில் பனி. இங்கே கொளுத்தும் கோடை, வேர்வையும் புழுக்கமும்.

வேலை ஆரம்பிக்கும் முன் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துணித்துண்டு ஒன்றில் கேட்கிற டிசைனை அப்படியே போட்டுப் பார்த்துவிடுவேன். ட்ரேசிங் பேப்பரில் ஊசியால் குத்தி, மண்ணெண்ணெயில் கரைத்த வெள்ளைப் பவுடரைத் தேய்த்து அச்செடுப்பது முதல் எல்லாமே. அந்தத் துண்டை மசாலா நிறுக்கும் சின்னத் தராசில் வைப்பேன். ஒரு துண்டு 12 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரிந்த பாவாடை மூன்று சதுர மீட்டர் வந்தால் அப்படி 300 துண்டு, மூன்று கிலோ 600 கிராம். பெண்ணிடம் மூன்றரை கிலோ அரிசிப் பையைக் கொடுத்து, "இதை இடுப்பில் கட்டிக்கிட்டு அஞ்சு மணி நேரம் நிக்கிறியா?" என்று கேட்பேன். பாதிப் பேர் அங்கேயே டிசைனைக் குறைத்துக்கொள்வார்கள். மார்பிலும் இடுப்பிலும் நெருக்கமாக வைத்து, கீழே போகப் போக மழை ஓய்வதுபோல் கலைத்துவிட்டால் கண்ணுக்கு முழுக்க வேலை மாதிரியே தெரியும், கனம் பாதியாகிவிடும்.

அச்சு எடுப்பதற்கும் முன்னால் காடாத் துணியில் ஒரு முழுக் கவுன் தைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். காடா மலிவுதான். மணி வைத்த பிறகு அளவு மாற்றுவது நரகம். தையல் ஓரத்தில் இருக்கும் மணிகளை எடுத்தால்தான் மெஷின் ஊசி ஓடும், இல்லாவிட்டால் ஊசி முறியும். எடுப்பதென்றால் நூலை வெட்டக் கூடாது. மேலே ஒரு துணியைப் போட்டு, குறட்டால் மணியை நசுக்க வேண்டும். கண்ணாடித் தூள் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் ஒரு நாள் செய்தேன், அன்று சாயங்காலம் முழுக்க கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தைத்து முடித்த பிறகு அந்தக் கோடு தெரியாமல் திரும்பக் கையால் மணி வைத்து நிரப்ப வேண்டும். இதற்கெல்லாம்தான் ஐயா காசு. மணிக்கு இல்லை.

கிரேவில் குதிரைப் பந்தய மைதானத்துக்குப் போன கவுன் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜூலை முதல் சனிக்கிழமை நடக்கும் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம் 1897-லிருந்து ஓடுகிறது. குதிரை எது ஜெயித்தது என்று தெரியாதவர்களுக்கும் யார் என்ன உடுத்தி வந்தார்கள் என்று தெரியும். எங்கள் ஊருக்கு அதுதான் சிவப்புக் கம்பளம். வருஷத்துக்கு ஒரு தீம் சொல்வார்கள், அதற்கேற்ற உடைக்காக மாதக்கணக்கில் அலைவார்கள். ஒரு பெண் மீன்வால் மாதிரி முழங்காலுக்குக் கீழே விரியும் கவுன் கேட்டாள், துணியைக் குறுக்குச் சாய்வாக வெட்டும் கிராஸ் கட்டில், உடம்பெல்லாம் மணி. கிராஸ் கட் துணி தன் கனத்திலேயே இறங்கும். அதன்மேல் மணியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு முழு நாள் ஆளுயர பொம்மையில் மாட்டி வைத்திருந்தேன். ஓரம் ஓர் இடத்தில் ஐந்து சென்டிமீட்டர், இன்னோர் இடத்தில் இரண்டு என்று கோணல் மாணலாக இறங்கியது. இறங்கி முடித்த பிறகுதான் அவள் போடப்போகும் அதே செருப்பைப் போட்டு நிற்கவைத்து ஓரம் மடித்தேன். செருப்பை மாற்றினால் கதை முடிந்தது. 'அன்னைக்கு வேற ஹீல்ஸ் வாங்கிட்டேன்' என்று கடைசி நாளில் சொன்ன ஒருத்திக்குக் காலுக்கடியில் சிக்கிக் கிழிந்தே போனது.

எல்லாம் சரியாக வந்தது. ஆனால் மைதானத்துக்குக் காரில் போக வேண்டுமே! அதை நான் யோசிக்கவில்லை. சீட் பெல்ட் மார்பின் குறுக்கே அரைத்துக்கொண்டே போனதில் ஒரு சாய்கோடு முழுக்க சமிக்கி மடங்கிப்போயிற்று. படங்களில் தெரிகிறது, தெரிந்தவர்களுக்கு. அதற்குப் பிறகு கவுனோடு ஒரு பழைய பருத்தித் துப்பட்டாவும் கொடுத்தனுப்புகிறேன், பெல்ட்டுக்கும் உடைக்கும் நடுவில் மடித்து வைக்க. ட்ரையல் பார்க்கும்போது நின்று கண்ணாடி பார்த்தால் போதாது. உட்காரச் சொல்வேன், இரண்டு கையையும் தூக்கச் சொல்வேன், கழிவறைக்குப் போய்வா என்றும் சொல்வேன். சிரிப்பார்கள், ஆனால் ட்ரையலில் சிரித்துவிடுவது நல்லது.

அக்குளைச் சுற்றிக் கைக்கும் உடம்புக்கும் உரசும் இடத்தில் கண்ணாடி மணி வைக்க மாட்டேன், தோலை அரம்போல் அறுத்துவிடும். அங்கே நூல் வேலை மட்டும். ஜிப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் வெறுமை. பின்பக்கம் உட்காரும் இடத்தில் தட்டையான சமிக்கி. அப்புறம் மாலை. ரிசப்ஷனில் ரோஜா மாலை போடுவோம் என்றால் அதன் சரிகையும் நாரும் மணியில் மாட்டும், முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொண்டு நெஞ்சுப் பகுதியில் உயரமான கல்லைத் தவிர்த்துவிடுவேன்.

சாப்பாடு இன்னொன்று. இங்கே நம் கல்யாண விருந்து வெஜிடபிள் பிரியாணியும் பருப்பும். மஞ்சள் கறை வெள்ளைக் கவுனில் பட்டால் அதைத் துவைக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. பெண்ணுக்கு ஊட்டிவிட ஒரு சித்தியையோ பெரியம்மாவையோ நியமித்துவிடுங்கள். யாராவது கிடைப்பார்கள்.

இணையத்தில் பார்த்து வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தைத்த உடைக்கு இங்கே இறக்குமதி வரி பொதுவாக 45 சதவீதம், மேலே 15 சதவீதம் வாட் வரி. விலையைப் பார்த்ததும் இதையும் கூட்டிக்கொள்ளுங்கள். படம் யாருடையது என்று பாருங்கள். நிஜக் கவுனின் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அதுவே பதில். எடை எவ்வளவு என்று கேளுங்கள். மிச்ச மணி ஒரு சின்னப் பொட்டலம் கூட வைக்கச் சொல்லுங்கள், அந்த நிறம் இங்கே டாக்டர் யூசுஃப் தாதூ தெருவில், அதாவது பழைய கிரே தெருவில், கடை கடையாக ஏறினாலும் கிடைக்காது. நான் ஏறியிருக்கிறேன்.

துவைப்பது பற்றி ஒரு வருத்தமான கதை. ஒரு வாடிக்கையாளர் விழா முடிந்ததும் கவுனை ஒரு டிரை கிளீனிங் கடையில் கொடுத்துவிட்டார். திரும்பி வந்தபோது மணியின் உள்ளே பூசியிருந்த வெள்ளி எல்லாம் கரைந்து, கண்ணாடி மட்டும் வெறும் தண்ணீர்த் துளி மாதிரி நின்றது. சில பிளாஸ்டிக் கற்கள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, என்ன மணி என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கூடுதல் மணியில் பத்தை நூலில் கோத்துக் கொடுத்து, 'முதல்ல இதை உங்க மருந்துல போட்டுப் பாருங்க' என்று சொல்லச் சொல்கிறேன். வேர்வை வாடைக்கு முழுக் கவுனையும் துவைக்கவே வேண்டாம். நாடக உடை பராமரிப்பவர்கள் செய்வதுபோல் வோட்காவில் தண்ணீர் கலந்து உள் லைனிங்கில் தெளித்துக் காற்றாட விட்டால் போதும். முதல் முறை அந்தப் பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்தபோது மாமியார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே. இஸ்திரி போடுவதென்றால் உள்பக்கமாக, மெத்தென்ற டவல்மேல், சூடு குறைவாக. சமிக்கி சூட்டில் அப்பளம் மாதிரி சுருண்டுவிடும்.

ஹேங்கரில் மட்டும் மாட்டி வைக்காதீர்கள். அலமாரியில் ஆறு மாதம் தொங்கினால் ஆறு மாதமும் அது இறங்கிக்கொண்டேதான் இருக்கும். படுக்கவைக்க வேண்டும். மாமனாரின் பழைய வேட்டிகளைக் கஞ்சி இல்லாமல் அலசி வைத்திருக்கிறேன், அதில் சுற்றி, மடிப்பு விழும் இடத்தில் இன்னொரு துணியை உருட்டி வைத்துப் பெட்டியில். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். டர்பனின் கடற்காற்றும் ஈரமும் உள்ளே புகுந்து வெளியே போக வழியில்லாமல் ஜரிகையைக் கறுக்கவைத்துவிடும்.

போன மாதம் அந்த முதல் கவுன் என்னிடமே திரும்பி வந்தது. மணப்பெண்ணின் தங்கைக்கு ஆவணியில் கல்யாணம், அக்காவின் கவுன்தான் வேண்டுமாம். ஆன்ட்டிக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. கூட வந்து உட்கார்ந்துகொண்டு விரலால் தடவித் தடவி, "இது போகட்டும், இது இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாவாடையின் கீழ்ப்பாதியில் இருந்த குழாய் மணியை எல்லாம் எடுத்தோம். இடுப்பில் பட்டை வைத்தேன். மேலே இருந்ததை ஒவ்வொரு வரியாகப் பின்பக்கம் முடிச்சுப் போட்டேன். தராசில் 2 கிலோ 900 வந்தது.

எடுத்த மணியைப் பழைய ரிகாஃபி காப்பித்தூள் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். நேற்று தங்கைக்காரி ட்ரையலுக்கு வந்தவள் அதை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். "இந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கு சின்னம்மா" என்றாள். அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து பொறுக்கிய இரண்டு பேரில் ஒருத்தி இவள்.